போன ஞாயிறு எழுப்பி அனுப்பியது யாரை?

போன ஞாயிறு நம் சபை ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதீர்கள்" என்று இத்தனை பேர் செய்தி அனுப்பிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அது சின்ன விஷயம் இல்லை. சிறப்பு விருந்தினர் உட்கார வேண்டும் என்று ஒரு வயதான அம்மாவை எழுப்பிப் பின்னால் அனுப்பினோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேதாகமத்தையும் கண்ணாடிக் கூட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துக் கடைசி வரிசைக்குப் போனார். உடனே நாம் அன்பைப் பற்றிப் பாட ஆரம்பித்தோம்.

வேதாகமத்தில் யாக்கோபு 2-ம் அதிகாரம் இதைத்தானே சொல்கிறது? பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு "நீ அங்கே நில்லு". அதே அதிகாரத்தில்தான் கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்றும் வருகிறது. அதை மனப்பாடமாகச் சொல்கிறோம். முன்பகுதி கண்ணெதிரே நடக்கும்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

கிருபையினால்தான் இரட்சிப்பு, கிரியையால் அல்ல என்று ஒரு சகோதரர் எபேசியர் 2:8-ஐ அனுப்பினார். யார் இல்லை என்றது? இன்னும் இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள், சகோதரரே. நற்கிரியைகளைச் செய்யத்தான் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று இருக்கிறது. விருந்தினரை மதிக்க வேண்டாமா என்கிறீர்கள். சரி, மதியுங்கள். உங்கள் இடத்தைக் கொடுத்து மதியுங்கள்.

என் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். ஜெபிக்க நிறைய பேர் வந்தார்கள், அதற்கு நன்றி. ஒருவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டார். வெந்நீரில் துண்டை நனைத்துத் தாடையில் ஒற்றி, தொங்கிய கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, அவ்வளவு மெதுவாக. முடிந்ததும் அப்பா முகத்தைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். அந்த மனிதருக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. சபையில் ஒருநாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. இயேசு எப்படி இருப்பார் என்று எனக்குக் காட்டியது அந்தக் கைகள்தான்.

அவர் இப்போது இல்லை. போன ஞாயிறு நாம் எழுப்பி அனுப்பியது அவருடைய மனைவியை.

நானும் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். பக்கத்தில் இடம்கூட இருந்தது. எழுந்து போய்க் கூப்பிடவில்லை. ஒரு வாரமாக அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

இன்று அந்த அம்மா ஆராதனைக்கு வரவில்லை. காணிக்கைப் பை வந்தபோது எனக்குப் போடக் கை வரவில்லை. முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. காணிக்கைக் கவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறேன்.