விடைத்தாள் தமிழ்

போன வாரம் ஒரு கதையில், "அவள் சிறந்த பொறுமைக் குணம் உடையவளாகத் திகழ்ந்தாள்" என்று எழுதிவிட்டேன். எழுதும்போது உறைக்கவில்லை. மறுநாள் காலை குரோம்பேட்டையில் ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, படித்துப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. அது என் வாக்கியமே இல்லை. அதற்கு முந்தின மூன்று நாட்களும் நான் திருத்திய உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களின் வாக்கியம். எழுபது பேரும் ஒரே நோட்ஸைப் படித்து வந்து எழுதியிருந்தார்கள். அந்த எழுபது தாள்களிலும் எல்லாக் கவிஞர்களும் கற்பனை வளம் உடையவர்களாகத் திகழ்ந்தார்கள். கடைசியில் என் கதையிலும் ஒருத்தி திகழ்ந்துவிட்டாள்.

"உங்களுக்கென்ன, கல்லூரி வேலை. பாதி வருடம் விடுமுறை. உட்கார்ந்து எழுதலாமே" என்பவர்களுக்கு இதை எப்படி விளக்குவது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். கேட்கச் சொகுசாகத்தான் இருக்கும். அதே விதி, வாரத்துக்கு மொத்தம் 40 மணி நேரத்துக்குக் குறையாத வேலை என்றும் சொல்கிறது. அந்த மிச்ச நேரத்துக்குள் என்னவெல்லாம் நுழைகிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். என் எழுத்தைத் தின்பது வகுப்பு இல்லை.

ஜூலையில் வணிகவியல் மாணவர்களுக்கு அவர்களுடைய மொழிப்பாடமான பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சங்கப் பாட்டு. ஊரே உறங்குகிறது. ஒருத்தி மட்டும் விழித்துக் கிடந்து, முட்டிக்கொள்வதா, கத்துவதா என்று தவிக்கிறாள். காதல் நோய், தூங்கும் ஊர் மீது கோபம் என்று வழக்கம்போல் விளக்கிவிட்டு, ஊரெல்லாம் தூங்கும்போது விழித்திருந்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். இரவில் ஒரு கூரியர் கிடங்கில் பெட்டி அடுக்கும் பையன். "தினமும் உண்டு அம்மா. ஆனால் எனக்கு ஊர் மேல் கோபம் வராது. அவர்கள் தூங்கினால்தான் எனக்குச் சம்பளம்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடமாக நடத்தும் பாட்டு அன்றைக்குத்தான் எனக்குப் புதிதாகத் திறந்தது. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதை அந்த ஒரு பதிலிலிருந்து கிளம்பியதுதான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பையனுக்கு நான் எங்கே போவேன்?

தின்பது காகிதம். ஒரு கருத்தரங்கு நடத்தினால் சுற்றறிக்கை, அழைப்பிதழ், வருகைப் பதிவு, பின்னூட்டப் படிவம், அறிக்கை, அப்புறம் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்த புகைப்படம். பேச்சாளர் என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. படத்தின் ஓரத்தில் அந்த எண்கள் தெரிகின்றனவா என்றுதான் கேட்கிறார்கள். இந்த அறிக்கைகளுக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. "விழா இனிதே நடைபெற்றது." நான் எழுதிய எந்த அறிக்கையிலும் எந்த விழாவும் இனிதல்லாமல் நடந்ததில்லை. மின்விசிறி நின்றுபோய் வியர்த்து வழிந்த விழாவும் இனிதேதான்.

இதைப் புலம்பினால் மூத்தவர்கள் உடனே மு.வ.வை எடுத்துப் போடுவார்கள். பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதான் அவர் அத்தனை நாவல்களும் எழுதினார், 1961-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார் என்பார்கள். உண்மை. அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் மறைந்தது 1974-இல். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு பிறந்தது 1994-இல். ஏழு அளவுகோல்களுக்கும் தனித்தனிக் கோப்பு போட்டுக்கொண்டு அவர் எழுதவில்லை.

பதவி உயர்வுக்குப் பார்க்கும் புள்ளிக் கணக்கு இன்னும் வேடிக்கை. அதே 2018 விதியில், மொழித்துறைக்காரர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால் 10 புள்ளி. ஒரு நூலை மொழிபெயர்த்தால் 8. சிறுகதைக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிசை கூடக் கிடையாது. என் கதையைப் பற்றி இன்னொருவர் கட்டுரை எழுதினால் அவருக்குப் புள்ளி உண்டு. எழுதிய எனக்கு இல்லை. தமிழ்த்துறையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதுவது சொந்த விவகாரமாம், தோட்டம் போடுவது மாதிரி.

அப்படியானால் வேலையை விட்டுவிடலாமே என்கிறாள் ஒரு தோழி. அவளுக்காகக் கணக்குப் போட்டேன். என் தொகுப்பு 300 படி அச்சாகியது. விலை 180 ரூபாய், உரிமைத்தொகை பத்து சதவீதம். ஒன்று விடாமல் விற்றால் 5,400 ரூபாய். எங்கள் வீட்டு வாடகையில் பாதி கூட வராது.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் முழுக்க விடுமுறை. மேசையைத் துடைத்து, புதுப் பேனா வாங்கி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்தேன். ஒரு பக்கம் தேறவில்லை. ஜூனில் கல்லூரி திறந்து, பெண்கள் பெட்டியில் பல்லாவரத்தில் ஏறும் கூட்டத்தில் முழங்கை இடிபட்டுக்கொண்டே மூன்று வாரத்தில் ஒரு கதை முடித்தேன். நுங்கம்பாக்கத்தில் இறங்கியாக வேண்டும் என்கிற கெடு இல்லாவிட்டால் எனக்கு வாக்கியம் வராது போலிருக்கிறது. ஆகவே நேரம் இல்லை என்று நான் இனிமேல் சொல்லப்போவதில்லை. வகுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், காகிதத்தை எழுத்தர்களிடம் விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அது நடக்கும்வரை நவம்பரைச் சமாளிக்க வேண்டும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டும் என்றால் பதிப்பகத்துக்கு இப்போதே கையெழுத்துப் பிரதி போயாக வேண்டும். பருவத் தேர்வும் விடை மதிப்பீடும் இதே மாதத்தில்தான் வந்து விழும். திங்கட்கிழமை முதல் எனக்கு மதிப்பீட்டு முகாம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. கூரியர் பையன் கதையில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி. சனி, ஞாயிறு இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் முடிக்காவிட்டால் அவனும் திகழ ஆரம்பித்துவிடுவான்.