ஷோபினை ஜார்ஜ் சாண்ட் கெடுக்கவில்லை

போலந்து இசையமைப்பாளர் ஷோபினுக்கும் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுக்கும் இருந்த காதலைப் பற்றி, "ஜார்ஜ் சாண்ட் விடாமல் துரத்திப் பிடித்து, நோயாளி ஷோபினை ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு இழுத்துப்போய் அவர் உடம்பையும் இசையையும் கெடுத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் அடி எடுத்து வைத்தது சாண்ட்தான், அது சரி. 1836இல் பாரிஸில் முதன்முதலாகச் சந்தித்தபோது கூச்ச சுபாவக்காரரான ஷோபினுக்கு அவரைப் பிடிக்கவும் இல்லை. ஆனால் துரத்தல் என்பது அநியாயம். 1838இல் சாண்ட் ஷோபினின் நண்பர் கிரிமாவாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஷோபின் முன்பு மணக்க விரும்பிய மரியா வோஜின்ஸ்கா என்ற பெண்ணோடுதான் ஷோபினுக்கு நிம்மதி என்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்பதுதான் அதன் சாரம். வலை விரிப்பவர் இப்படியா கேட்பார்?

மயோர்க்கா பயணம் சாண்டின் மகன் மோரிஸின் உடல்நலத்துக்காகவும்தான். ஷோபினுக்கு அதற்கு முன்பே நெஞ்சு பலவீனம். குளிர்கால மழை, அவர்கள் தங்கிய, ஈரம் கசியும் வால்டெமோசா மடம், காசநோய் என்று பயந்து விலகிய ஊர்க்காரர்கள். அதற்கு நடுவே அவரைக் கவனித்துக்கொண்டது யார்? சாண்ட்தான். பாரிஸிலிருந்து வந்த பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டபோது பேசி மீட்டதும் அவர்தான். பிரெலூட் எனும் 24 குறும் பியானோ இசைத் துண்டுகளை ஷோபின் அங்கேதான் முடித்தார்.

அப்புறம் பிரான்ஸின் நோஆன் கிராமத்தில், சாண்டின் வீட்டில் ஏழு கோடைகள். 1842இன் ஏ ஃபிளாட் பொலனேஸ், 1844இன் பி மைனர் சொனாட்டா போன்ற பியானோ படைப்புகள் எல்லாம் அந்த வீட்டில் பிறந்தவை. 1847இல் பிரிந்த பிறகு, 1849இல் இறக்கும்வரை, ஷோபின் எழுதியது மிகச் சொற்பம். பிரிவுக்குச் சாண்டின் மகளின் திருமணத் தகராறு முக்கியக் காரணம். அதில் சாண்ட் கடுமையாக நடந்துகொண்டார் என்றால் ஒப்புக்கொள்கிறேன். இசையைக் கெடுத்தார் என்பதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.