பெயரெச்சம் வைக்கும் சோதனை

தருக்கத்தின் வழியே வாக்கிய அமைப்பை விளக்கும் முறை, ஆங்கிலம் போலச் சொல்வரிசை இறுகிய மொழிகளுக்கே பொருந்தும் என்று, அம்முறை பற்றிய கட்டுரையின் சென்ற பகுதியில் கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1958-இல் கணிதவியலாளர் யோவாகிம் லாம்பெக் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு சொல்லும் தன்னை நிறைவு செய்ய எது வேண்டும், அது இடப்பக்கம் வர வேண்டுமா வலப்பக்கம் வர வேண்டுமா என்பதைத் தனக்குக் கொடுக்கப்பட்ட 'வகை' என்னும் குறியீட்டிலேயே சுமந்து நிற்கிறது; சொற்கள் கூடி வாக்கியமாவதே, கணிதத்தில் தேற்றத்தை நிறுவுவது போன்ற ஒரு நிறுவலாகிவிடுகிறது. ஒரு சொல் தன் பொருள் நிறைவுக்கு வேறொரு சொல்லை வேண்டி நிற்பதை நம் இலக்கணம் அவாய்நிலை என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது (எனக்கு இத்துறையில் ஈடுபாடு வந்ததே இந்த ஒற்றுமையால்தான்).

ராயபுரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். "அக்கா காசிமேட்டில் மீனை வாங்கினாள்" என்பதை "மீனை அக்கா காசிமேட்டில் வாங்கினாள்" என்று மாற்றினாலும், வாங்கியவர் யார், வாங்கப்பட்டது எது என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. வேற்றுமை உருபு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் "வாங்கிய" என்ற பெயரெச்சம் வரும் "அக்கா வாங்கிய மீன்" என்பதை "மீன் வாங்கிய அக்கா" என்று திருப்பினால், பேசப்படுவது மீனா அக்காவா என்பதே மாறிவிடுகிறது.

ஆகவே, லாம்பெக்கின் முறையில் இல்லாத, சொற்களை முன்பின்னாக மாற்ற விடும் இடமாற்ற விதியைத் தடையின்றிச் சேர்த்தால் பெயரெச்சத் தொடர்களின் இந்த வேறுபாடு அழிந்துவிடும். அறவே விலக்கினால், ஒரே வினைக்கு ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி வகை கொடுக்க நேரும். வேண்டிய இடத்தில் மட்டும் இடமாற்றத்தை அனுமதிக்கும் தருக்கங்கள் 1990-களிலேயே வளர்த்தெடுக்கப்பட்டன. கட்டுரை அவற்றைத் தொடாமல் விட்டது பெருங்குறை. அடுத்த பகுதியில் தமிழ்ப் பெயரெச்சத்தையே எடுத்துக்கொண்டு அவற்றை விளக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.