எவர்சில்வர் தட்டா, இசைத்தட்டா?

சென்ற ஏப்ரலில் மும்பையிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையோரம் கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் புறப்பட்ட ஓர் இசைத்தட்டு, கோயம்புத்தூர் வரைக்கும் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து என் வீட்டு வாசலுக்கு வர அதற்குப் பதினொரு நாள் பிடித்தது. உக்கடத்தில் பேருந்து ஏறி வேலந்தாவளம் வழியாக வந்தால், ஒரு சினிமா முடிகிற நேரத்துக்குள் எங்கள் ஊரில் இறங்கிவிடலாம். ஆனால் கூரியர்காரர்களின் வரைபடத்தில் அந்த வழியே கிடையாது. என் அஞ்சல் குறியீடு 678-இல் தொடங்குவதால், பொட்டலம் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி, மறுபடியும் தமிழ்நாட்டு எல்லையை நோக்கி வந்தாக வேண்டும்.

அந்தச் சுற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாலக்காட்டுக் கிடங்கிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மலையாளத்தில் வழி கேட்டார். நான் பழக்க தோஷத்தில் தமிழில் பதில் சொன்னேன். சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கத்தில் கடைத்தெருவும் கோயிலும் பள்ளிக்கூடமும் தமிழில் நடப்பது அந்தக் கிடங்குக்குத் தெரியாது போலிருக்கிறது. தமிழ் பேசுகிறவர் தமிழ்நாட்டில்தான் இருப்பார் என்று முடிவுகட்டி, முகவரி தவறு எனக் குறித்து, பொட்டலத்தைக் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் 678 என்ற எண்ணைப் பார்த்து, இது கேரளம் ஆயிற்றே என்று மறுபடியும் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள். இதற்கிடையே இரண்டு நாள், வீடு பூட்டியிருந்ததாகக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. அந்த இரண்டு நாளும் நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, வாளையாறு சோதனைச்சாவடியில் வண்டிகள் தேங்கிவிட்டன என்றார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வாளையாற்றில் வணிகவரிச் சோதனை முடிந்துபோயிற்று. அங்கே சரக்கு லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவனிடம், இல்லாத சாவடியின்மேல் பழிபோடுகிற துணிச்சலை என்னவென்று சொல்வது?

பொட்டலத்துக்குள் இருந்தது அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆல்பர்ட் ஐலரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’. 1964 ஜூலை 10 அன்று நியூயார்க்கில் பதிவானது. டெனர் சாக்ஸபோனில் ஐலர், பாஸில் கேரி பீகாக், டிரம்ஸில் சன்னி மர்ரே என்று மூன்றே பேர். இரண்டு பக்கமும் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தொடாது. ஆனால் அந்தச் சொற்ப நேரத்தில் தாளக்கணக்கு, சுருதிக்கட்டு என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாக் கைப்பிடிகளையும் அந்த மூவரும் கழற்றி எறிந்துவிடுவார்கள். இரண்டு வருடம் தேடி, மும்பை வியாபாரி ஒருவரிடம் பேரம் பேசி, மனைவியிடம் விலையில் பாதியை மட்டும் சொல்லி வாங்கிய பழைய பிரதி அது.

வெளியிட்ட நிறுவனம் இஎஸ்பி-டிஸ்க். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியின் பாடல்களை வெளியிட்டுத் தொடங்கிய நிறுவனம் என்பதால், அந்த மொழிப்பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளே பெயராயின. கேட்பவருக்கு எது போய்ச் சேரவேண்டும் என்பதைக் கலைஞர் மட்டுமே முடிவு செய்கிறார் என்ற பொருளில், தங்கள் தட்டுகளின் உறையில் அவர்கள் ஒரு வரி அச்சிடுவது வழக்கம். என் விஷயத்தில் அந்த முடிவை எடுத்தது பாலக்காட்டில் உள்ள ஒரு தகரக் கொட்டகை.

வினைல் தட்டு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். மேலே பாரம் இருந்தால் அதற்கு முன்பே வளைந்துகொடுக்கும். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். கணவாய் வழியே வருகிற காற்றுகூட அந்த மாதத்தில் அடுப்பு ஊதுகிற காற்றாகத்தான் இருக்கும். அந்த வெயிலில் தகரத்துக்கு அடியிலும் மூடிய வண்டிக்குள்ளும் என்ன சூடு இருந்திருக்கும் என்று நினைக்கவே வயிறு எரிகிறது. வெயிலில் வைக்காதீர், படுக்கவைத்துப் பாரம் ஏற்றாதீர் என்று வியாபாரி பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அந்தச் சீட்டின் மேலேயே தேங்காயெண்ணெய்க் கறை படிந்து பெட்டி வந்து சேர்ந்தது. அப்படியென்றால் எண்ணெய் டின்னை எதன்மேல் வைத்திருந்தார்கள் என்று ஊகிப்பதற்குத் துப்பறியும் மூளை தேவையில்லை.

தட்டைச் சுழலவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். வெளி விளிம்பில் ஓரிடம், ஓரம் மடங்கிய அப்பளத்தைப் போல மேலே எழும்பியிருந்தது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் அல்ல, சரியாக முப்பத்துமூன்றும் மூன்றில் ஒன்றும் என்பது எல்பி எனப்படும் இவ்வகைப் பெரிய தட்டின் சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த 1.8 நொடிக்கு ஒருமுறை முள் தாங்கிய கை மேட்டில் ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ‘டுப்’பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் சில சமயம் அடுத்த தடத்துக்கே தாவியது. விளிம்பு வளைந்தால் அடிபடுவது ஒவ்வொரு பக்கத்தின் முதல் பாட்டுத்தான். முதல் பக்கம் தொடங்குவதோ ‘கோஸ்ட்ஸ்’ மெட்டில். தெருவில் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற பாட்டைப் போல அத்தனை எளிமையான மெட்டு. அந்த எளிமை காதில் பதிந்தால்தான், பின்னால் ஐலர் அதைக் கிழித்துப் போடுவதன் வலி புரியும். எனக்குக் கிடைத்தது கிழிசல் மட்டும்.

புகார் கொடுக்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்து, ‘பொருள்: தட்டு’ என்று வாசித்தார். தட்டு உடைந்துவிட்டதா என்று கேட்டார். வளைந்துவிட்டது என்றேன். ‘வளைஞ்சா நிமித்திக்கலாமே சார், எவர்சில்வர்தானே?’ என்றார். அது இசைத்தட்டு என்று விளக்கியபின், பழுதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அன்றிரவே எடுத்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: காணொளியில் இசை தடையின்றி ஒலிக்கிறது, ஆகவே இழப்பீட்டுக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் நான் முழுமையாகத் தோற்றுப்போனேன். பழைய சினிமாப் பாட்டுத் தட்டாக இருந்தால், சரணம் அந்தரத்தில் அறுவதைக் கேட்டு எந்த அதிகாரியும் ஒப்புக்கொண்டிருப்பார். சன்னி மர்ரே எண்ணிக்கைக்குள் அடங்காமல் சிம்பலை அதிரவிட்டுக்கொண்டிருக்கும்போது, அதில் ஒரு ‘டுப்’ கூடுதலாக விழுந்தது என்று எந்த நீதிமன்றத்தில் போய் நிரூபிப்பது? ஐலரின் சாக்ஸபோன் இயல்பாகவே நடுங்கி அலைவது. தட்டின் வளைவால் வருகிற அலைவை அதிலிருந்து பிரித்துக்காட்டப் பல வருடம் கேட்ட காது வேண்டும். என் வீட்டிலேயே சாட்சி கிடைக்கவில்லை. இரண்டு முறை பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்: ‘போன மாசம் வாங்குன தட்டும் இப்படித்தானுங்க கத்துச்சு, அதை மட்டும் நல்லா இருக்குன்னீங்க.’

நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே தட்டை வைத்து உச்சிவெயிலில் காயவைத்தால் நிமிர்ந்துவிடுமாம். வெயில் செய்த கேட்டுக்கு மறுபடியும் வெயிலிடமே போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இளகும் சூட்டில் மேடு இறங்கலாம். கூடவே தடத்தின் நுண்ணிய வரிகளும் மழுங்கிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. இப்போதைக்கு அலமாரியில் செங்குத்தாக, இரண்டு நேரான தட்டுகளுக்கு நடுவே நிற்கிறது. இனி மழைக்காலம் வந்தால் உறையில் பூஞ்சணம் பிடிக்கும். அது என் கையால் துடைக்கக்கூடிய துன்பம் என்பதால் அதைப் பற்றிப் புலம்ப மாட்டேன்.

ஜெர்மானிய சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் புரோட்ஸ்மானின் ‘மெஷின் கன்’ தட்டு அடுத்து வருகிறது. 1968-இல் பிரேமன் நகரில் எட்டுப் பேர் சேர்ந்து வாசித்தது. அதில் பழுது இருக்கிறது என்று நிரூபிப்பதைவிட ஐலரே தேவலை. இந்த முறை என் முகவரியைக் கொடுக்கவில்லை. உக்கடத்தில் மைத்துனர் வைத்திருக்கும் டயர் கடையின் முகவரியை, 641 என்று தொடங்கும் குறியீட்டோடு கொடுத்திருக்கிறேன். வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேராக, நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் வேலந்தாவளம் பேருந்தில், மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.