கரண்ட் போன பிறகும் கம்பியில் மின்சாரம் இருக்கும்
புயலில் ஊர் முழுக்க கரண்ட் போய்விட்டால் அறுந்து கிடக்கும் கம்பியால் ஆபத்தில்லை என்று இந்தப் புயல் பாதுகாப்புக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் ரப்பர் மரங்கள் முறிந்து கம்பிகள் மேல் விழுந்தன. பல நாள் கரண்ட் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு வீட்டில் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகிவிட்டார்கள். மெயினை அணைக்கவில்லை. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய்விட்டது. கம்பத்தில் ஏற வந்த லைன்மேன் அண்ணன் முதலில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரிந்தது. "யாரு வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது, உடனே நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பார்க்காமல் ஏறியிருந்தால்? இப்படிப் போகும் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மரை எட்டினால் மறுபக்கம் 11,000 வோல்ட் வரை உயரக்கூடும், அடுத்த தெருவில் வேலை செய்பவருக்கும் அது எமன்தான். ஜெனரேட்டர் வைப்பவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தெருக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை மோட்டாரை ஜெனரேட்டரிலேயே நேரடியாக மாட்டுங்கள். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், அறுந்த கம்பி பக்கம் போக ரப்பர் செருப்பு போட்டால் போதும் என்கிறார். வேண்டாம் நண்பரே, நனைந்து தேய்ந்த செருப்பு காப்பாற்றாது. கம்பி முள்வேலி மேல் விழுந்திருந்தால் வேலி நெடுகிலும் மின்சாரம் இருக்கலாம். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணுக்குச் சொல்லுங்கள்.