தாய்ப்பால் ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடாது

‘எடுத்து வைத்த தாய்ப்பால் ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும், பால்குடி மறக்கும்வரை பயணத்தையே மறந்துவிடுங்கள்’ என்று பயணம் போகும் தாய்மார்களுக்குச் சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து யாரும் இதை நம்பிப் பயணத்தைக் கைவிட வேண்டாம். அப்போதுதான் எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸுக்குள் 4 மணி நேரம் தாங்கும். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளோடு குளிர்காப்புப் பையில் வைத்தால் 24 மணி நேரம். ஃப்ரிட்ஜில் 4 நாள். பால் பைகள் ஐஸ் பேக்கை ஒட்டியே இருக்கட்டும். குளிர்காப்புப் பையில் காலி இடம் விட்டாலோ அடிக்கடி திறந்தாலோ குளிர் சீக்கிரம் போய்விடும். குழந்தை வாய் வைத்த மீதியை மட்டும் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இதைவிடப் பலர் கோட்டைவிடுவது வேறொன்று: வழியில் பால் எடுக்காமல் பல மணி நேரம் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல்கூட வரலாம். வழக்கமாகப் பால் கொடுக்கும் நேரத்திலேயே எடுத்துவிடுங்கள்.