ஆடாத நாற்காலி

(கெய்ரோ, 2003 மார்ச். தெருவோரப் பத்திரிகைக் கடை. பெரியவர் பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டாக்சியை ஓரம் கட்டிவிட்டு ஓட்டுநர் வருகிறார்.)

ஓட்டுநர்: ஹாஜி, சமூகவியல் பேராசிரியர் சாத் எத்தின் இப்ராஹிமை விடுதலை செய்துவிட்டார்களாமே!

கடைக்காரர்: மெதுவாகப் பேசு தம்பி. விடுதலை அவருக்குத்தான், நமக்கில்லை.

ஓட்டுநர்: அப்படி என்னதான் செய்தார்?

கடைக்காரர்: ஐரோப்பிய ஒன்றியத்திடம் பணம் வாங்கி மோசடி செய்தாராம். ஒன்றியமோ, மோசடியே நடக்கவில்லை என்றது.

ஓட்டுநர்: பறிகொடுத்தவனே இல்லாத திருட்டுக்கு ஏழு வருடமா?

கடைக்காரர்: அதுவும் இரண்டு தடவை. 2001-இல் ஒன்று. அது ரத்தானதும் 2002-இல் மறுபடியும் ஏழு. எகிப்தின் பேரைக் கெடுத்தார் என்று வேறு.

ஓட்டுநர்: அறுபது தாண்டிய வாத்தியாரை ஜெயிலில் போட்டது உலகம் பூராவும் பேப்பரில் வந்ததே, அதில் கெடவில்லையா?

கடைக்காரர்: அந்த வழக்கை யார் மேல் போடுவது? சரி, இதைக் கேள். எழுபதுகளில் அவரே ஜெயிலுக்குப் போய், அங்கிருந்த தீவிரவாதிகளிடம் பேசி ஆராய்ச்சி செய்தவர்.

ஓட்டுநர்: அப்போ வழி தெரிந்த இடம்தான்.

கடைக்காரர்: அதிபர் முபாரக்கின் மனைவியே இங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்தவர்!

ஓட்டுநர்: மார்க்கைக் குறைத்துப் போட்டுவிட்டாரோ?

கடைக்காரர்: வினை அதில் இல்லை. 2000 ஜூனில் சிரியாவில் அதிபர் ஹாஃபிஸ் அல் அசத் இறந்தார். மகன் பஷாருக்குப் பட்டம் கட்ட ஏற்பாடு நடந்தது. இவர் 'அல் மஜல்லா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கும்ஹூரிய்யாவையும் மலகிய்யாவையும் கலந்து 'கும்லுகிய்யா' என்று பேர் வைத்தார்.

(கும்ஹூரிய்யா குடியரசு, மலகிய்யா முடியரசு. அரபியில் இரண்டையும் ஒட்டவைக்கப் பேராசிரியர் தேவைப்பட்டார். தமிழில் முதல் எழுத்தை மாற்றினாலே போதும்.)

ஓட்டுநர்: அட, நம் அதிபருக்கும் மகன் இருக்கிறாரே...

கடைக்காரர்: மெதுவாக என்றேன்! ஜூன் 30, இதழ் கடைகளிலிருந்து மாயமானது. ராத்திரி மனிதரையும் காணோம்.

ஓட்டுநர்: உங்களிடம் ஒரு பிரதிகூடவா மிஞ்சவில்லை?

கடைக்காரர்: (சுற்றுமுற்றும் பார்த்து) இருக்கிறது. இதோ, குட்டைக் காலுக்கு அடியில். மூன்று வருடமாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டுநர்: எழுந்திருங்கள், படித்துவிட்டுத் தருகிறேன்.

கடைக்காரர்: வேண்டாம் தம்பி. அதை எடுத்தால் நாற்காலி ஆடும்.